வங்கியில் வேலை பார்க்காதவர்கள் எம்பிஏவுக்கு விண்ணப்பிக்கும்போது

சிங்கப்பூரில் எம்பிஏ விண்ணப்பதாரர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். என்னிடம் வரும் தமிழர்களில் பலர் வங்கிகளில் வேலை பார்த்தவர்கள் அல்லர். தாதியர், தமிழாசிரியர்கள், கப்பல் பட்டறைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்கள், சிராங்கூன் சாலையில் குடும்பக் கடையைப் பார்த்துக்கொள்பவர்கள். வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என் வேலையை வணிகப் பள்ளிக்கு ஏற்றபடி எப்படி மாற்றி எழுதுவது?" மாற்றி எழுதாதீர்கள் என்பதே என் பதில். நல்ல விண்ணப்பங்களைக் கெடுப்பது அந்த மாற்றம்தான்.

ஒரு தாதியின் முதல் வரைவில் "பல்துறைக் குழுக்களை ஒருங்கிணைத்துச் செயல்திறனை மேம்படுத்தினேன்" என்றிருந்தது. இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பேசப் பேசத்தான் விஷயம் வெளிவந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் காலையிலேயே சொல்லிவிட்ட நோயாளிகள், மருந்து வந்து சேராததால் பிற்பகல் வரை வார்டிலேயே காத்திருந்தார்கள். அதே நேரத்தில் அவசரப் பிரிவில் வேறு சிலர் படுக்கைக்காகக் காத்திருந்தார்கள். முந்தைய நாள் மாலையிலேயே மருந்துச் சீட்டைத் தயாரித்துவிடலாமே என்று இவர் கேட்டார். மருந்தகத்தில் முடியாது என்றார்கள். இவர் விடவில்லை, மூத்த மருத்துவர் ஒருவரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு, முதலில் சில படுக்கைகளுக்கு மட்டும் செய்து காட்டினார். வணிகப் பள்ளிகள் செயல்பாட்டு நிர்வாகம் என்று தனிப் பாடமாக நடத்துவது இதைத்தான்! இதை அவர் பெரிதாகவே நினைக்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை.

சேர்க்கைக் குழுவினர் உங்கள் பதவியின் பெயரைத் தாண்டி சிலவற்றைத் தேடுகிறார்கள். நீங்களாக எடுத்த முடிவு எது? யார் எதிர்த்தார்கள், எப்படி இணங்கினார்கள்? தவறியிருந்தால் நஷ்டம் யாருக்கு? மழை பெய்யும் நாளில் உயரத்தில் நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி, கெடு தவறுகிறதே என்று கோபப்பட்ட மேலாளரிடம் நின்று பேசிய மேற்பார்வையாளரிடம் இவை எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. அவர் அதை அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும்.

உங்கள்மீது அவர்களுக்கு எழும் நியாயமான சந்தேகம் ஒன்று உண்டு: நிதிப் பாடத்திலும் புள்ளியியலிலும் உங்களால் தாக்குப்பிடிக்க முடியுமா? அதற்கு விண்ணப்பக் கட்டுரையால் பதில் சொல்ல முடியாது, தேர்வு மதிப்பெண்தான் சொல்லும். வணிகப் பள்ளிகள் கேட்கும் ஜிமேட் நுழைவுத் தேர்வு 2024 பிப்ரவரியிலிருந்து புதிய வடிவில் மட்டுமே நடக்கிறது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. தேர்வில் முன்பிருந்த கட்டுரைப் பகுதியும் வடிவியல் கணக்குகளும் இப்போது இல்லை. மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், வேலைப்பளு குறைவான காலத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். குடும்பக் கடையில் முதலாளி அப்பா. அவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை. உடனே சமூகத்தில் பேர்பெற்ற ஒருவரைத் தேடி ஓடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல பள்ளிகளின் படிவத்தில், "இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான குறை என்ன, அதை எப்படி எடுத்துக்கொண்டார்?" என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கும். திருமண விருந்தில் இரண்டு முறை உங்களைப் பார்த்தவரால் அதற்கு என்ன எழுத முடியும்? கடனுக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரிக்கு உங்கள் கணக்கு வழக்கு தெரியும், சொன்ன தேதியில் பணம் வந்ததா என்று தெரியும். கடையின் கணக்குகளைச் சரிபார்க்கும் தணிக்கையாளருக்கும், கடன் விண்ணப்பத்தைக் குடைந்து கேள்வி கேட்ட வங்கி அதிகாரிக்கும் தெரியும். இவர்களில் ஒருவர் எளிய ஆங்கிலத்தில் எழுதும் ஒரு பக்கம், பிரமுகரின் பெயர் அச்சிட்ட கடிதத்தைவிடப் பலமடங்கு உதவும்.

இளைஞர்கள் அடிக்கடி கேட்பது, ராணுவம், காவல் போன்றவற்றில் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையைப் பற்றி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக எம்பிஏ கேட்கும் இரண்டு ஆண்டு அனுபவம், பட்டம் பெற்ற பிறகு செய்த முழுநேர வேலை. அதற்கு முன் முடித்த தேசிய சேவை அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அங்கே ஒரு பிரிவை வழிநடத்தியிருந்தால் கட்டுரையில் தாராளமாக எழுதலாம்.

கட்டுரையை நாங்களே எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். நேர்காணலில் அந்தக் கட்டுரையிலிருந்துதான் கேள்வி வரும். சேர்க்கை கிடைத்த பிறகு வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பள்ளிகளும் உண்டு. பொய் தெரிந்தால் இடம் பறிபோகும்.

கடைசியாக, எதற்காக இந்தப் படிப்பு என்பதை உங்களுக்கு நீங்களே தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இருக்கும் கடையை விரிவாக்குவதுதான் நோக்கம் என்றால், கடையை மூடிவிட்டு முழுநேரம் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் மூன்றிலும் பகுதிநேர எம்பிஏ இருக்கிறது. துறையே மாற விரும்புகிறவர்களின் கதை வேறு. 2000ஆம் ஆண்டில் இங்கே வளாகம் திறந்த பிரான்ஸ் நாட்டு வணிகப் பள்ளியான இன்சியாட், பத்து மாதப் படிப்புக்குப் பெயர்பெற்றது. அதில் ஜனவரியில் சேர்பவர்களுக்குக் கோடை இடைவேளையில் பயிற்சிப் பணி செய்ய வாய்ப்பு உண்டு. ஆகஸ்டில் சேர்பவர்களுக்கு அந்த இடைவேளை இல்லை. உங்களை அறியாத ஒரு துறை உங்களைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தச் சில வாரங்கள்தான் என்பதால், தாதியரையும் ஆசிரியர்களையும் நான் ஜனவரிக்கே விண்ணப்பிக்கச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன், உங்களைப் போன்ற வேலையிலிருந்து அங்கே போய்ப் படித்த ஒருவரைத் தேடிப்பிடித்து, எந்த நிறுவனங்கள் அவரை நேர்காணலுக்கு அழைத்தன, எவை அழைக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.