லூபஸுக்கு வந்த புற்றுநோய் சிகிச்சை

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2021-ல், நோயெதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் முற்றியிருந்த 20 வயதுப் பெண் ஒருவருக்கு அவருடைய டி செல்களையே (நோயுற்ற செல்களைக் கொல்லும் வெள்ளணுக்கள்) மரபணு மாற்றித் திரும்ப ஏற்றினார்கள். ரத்தப் புற்றுநோய்க்கென்று உருவான சிகிச்சை அது. அவருக்குப் புற்றுநோய் கிடையாது. வழக்கமான மருந்துகள் எதுவும் எடுபடாததால் கியோர்க் ஷெட் தலைமையிலான குழு இதில் இறங்கியது. சில வாரங்களில் சிறுநீரில் புரதம் ஒழுகுவது குறைந்தது. அவர் உடலையே தாக்கிவந்த ஆன்டிபாடிகள் ரத்தத்தில் காணாமல் போயின.

லூபஸில் புற்றுநோய் சிகிச்சைக்கு என்ன வேலை? இரண்டுக்கும் பொதுவான குற்றவாளி பி செல், அதாவது ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணு. சில ரத்தப் புற்றுநோய்களில் அது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. லூபஸில் நம் டிஎன்ஏவையே அந்நியப் பொருளாக எண்ணி ஆன்டிபாடி சுரக்கிறது. இரண்டு இடத்திலும் அதன் மேற்பரப்பில் சிடி19 என்ற புரதம் இருக்கிறது. குறி வைப்பது அதற்குத்தான்.

டி செல்லுக்குக் கொல்லத் தெரியும், ஆனால் சிடி19-ஐத் தேடிப் போகத் தெரியாது. அதனால் நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, முடக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் மூலம் புது மரபணுவை உள்ளே அனுப்புகிறார்கள். அது செல்லின் மேற்பரப்பில் உருவாக்கும் ஏற்பிக்குத்தான், இலக்கைப் பிடிக்கும் புரதத்துக்குத்தான், 'கார்' என்று பெயர். அதன் வெளிப்பாகம் ஆன்டிபாடியிலிருந்து எடுத்தது, சிடி19-ஐப் பிடிக்கும். உள்பாகம் டி செல்லின் சொந்தச் சமிக்ஞைப் புரதம், தாக்கச் சொல்லும். இஸ்ரேலின் ஸெலிக் எஷார் 1989-லேயே இந்த ஒட்டுவேலையைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் அந்த முதல் தலைமுறைச் செல்கள் உடலுக்குள் போனதும் சீக்கிரமே ஓய்ந்துபோயின. சிடி28 அல்லது 4-1பிபி என்ற இரண்டாவது சமிக்ஞையையும் சேர்த்த பிறகே அவை பெருகித் தாக்குப்பிடித்தன. 2017-ல் அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது.

பி செல்லை அழிக்க ரிட்டுக்சிமாப் என்ற மருந்து முன்பே உண்டே என்று கேட்கலாம். அது ஆன்டிபாடி, ரத்தத்தில் திரியும் பி செல்களை நன்றாகவே துடைக்கும், நிணநீர்க் கணுக்களுக்குள் பதுங்கியிருப்பவற்றில் கணிசமானவை தப்பிவிடும். கார்-டி செல் உயிருள்ள மருந்து. கணுவுக்குள் தானே புகுந்து, இரையைக் கண்டால் அங்கேயே பெருகுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். சுமார் 4 மாதங்களில் எலும்பு மஜ்ஜையிலிருந்து பி செல்கள் மீண்டும் வந்தன. நோய் திரும்பவில்லை. வந்தவை பெரும்பாலும் எதையும் இன்னும் சந்திக்காத இளம் செல்கள். பழைய பகையைச் சுமந்தவை போய்விட்டிருந்தன. சரி, சிறுவயதுத் தடுப்பூசிகள் தந்த பாதுகாப்பும் போயிருக்க வேண்டுமே? பெரும்பாலும் போகவில்லை. அந்த ஆன்டிபாடிகளைச் சுரப்பவை மஜ்ஜையில் நெடுநாள் வாழும் பிளாஸ்மா செல்கள். அவற்றில் பலவற்றுக்கு சிடி19 கிடையாது, அதனால் தப்பித்துக்கொண்டன. லூபஸில் டிஎன்ஏவைத் தாக்கும் ஆன்டிபாடிகள் பெருமளவு சிடி19 உள்ள, குறுகிய காலம் வாழும் செல்களிலிருந்து வருவது நோயாளிகளின் அதிர்ஷ்டம்.

2024-ல் இதே குழு லூபஸ், தசை அழற்சி, தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா ஆகியவை உள்ள 15 பேரின் முடிவுகளை வெளியிட்டது. லூபஸ் இருந்த 8 பேருக்கும் நோய் அடங்கியது. சிறிய எண்ணிக்கைதான், ஒப்பீட்டுக்கு வேறு குழுவும் இல்லை. செல்களை ஏற்றுமுன் கீமோதெரபி கொடுக்க வேண்டும், தொற்று அபாயம் உண்டு. புற்றுநோயாளிகள் சிலருக்குப் பின்னாளில் டி செல் புற்றுநோய் வந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. சாவின் விளிம்பில் இருப்பவர் ஏற்கும் அபாயத்தை, இன்னும் 50 ஆண்டு வாழவேண்டிய லூபஸ் நோயாளி ஏற்கலாமா என்பது நியாயமான கேள்வி.

எல்லா பி செல்களையும் அழிக்காமல் தப்பானவற்றை மட்டும் பிடிக்க முடியுமா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எய்மீ பெய்னின் குழு, தோலில் கொப்புளம் போடும் பெம்ஃபிகஸ் நோய்க்கு 2016-ல் எலிகளில் இதைச் செய்து காட்டியது. ஏற்பியின் வெளிப்பாகத்தில் அவர்கள் வைத்தது டெஸ்மோகிளைன்-3; இந்நோயில் தாக்கப்படும் தோல் புரதம் அது. அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யும் பி செல் மட்டும் தூண்டிலைக் கவ்விச் சாகும். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே மிதக்கும் ஆன்டிபாடிகளும் அதே தூண்டிலைக் கவ்வ ஓடிவருகின்றன. அவற்றை மீறி இந்த டி செல்கள் மனிதரிலும் வேலை செய்யுமா என்று 2020-ல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார்கள்.