மதிப்பீடு: மழலையர் கணக்குக்கு எந்தச் சொல்?

தஞ்சைப் பக்கத்து ஆட்களுக்கு 'அசெஸ்மென்ட்' என்ற சொல் பள்ளிக்கூடம் வழியாக வந்ததல்ல. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீட்டு வரி கட்டப் போனால், கவுன்ட்டரில் கேட்பது அசெஸ்மென்ட் நம்பர். தமிழில் அது வரிவிதிப்பு எண். வருமான வரிக் கணக்கில் பல காலம் மதிப்பீட்டு ஆண்டு என்று இருந்தது. இப்போது அதே சொல் எல்கேஜி பிள்ளையின் டைரிக்கும் வந்துவிட்டது: 'மேத்ஸ் அசெஸ்மென்ட், வெள்ளிக்கிழமை.' வீட்டில் பாட்டி அதை "வெள்ளிக்கிழமை புள்ளைக்குப் பரீட்சையாம்" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. பல இடங்களில் அந்தப் பெயரில் நடப்பது பரீட்சைதான்.

லத்தீனில் 'அஸ்ஸிடேரே' என்றால் பக்கத்தில் உட்காருதல். நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவர் 'அசெஸர்'. அப்புறம் அந்தச் சொல் வரியை நிர்ணயிக்கும் வேலைக்குப் போனது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் வரிச் சொல்லாகத்தான். நம் ஊர்க் கிராமக் கணக்கில் அதற்கு நேரானது தீர்வை. மாணவரின் கற்றலை அளப்பதைக் குறிக்க அசெஸ்மென்ட் என்ற சொல் பரவலானது 20ஆம் நூற்றாண்டில். ஆசிரியர் பயிற்சிகளில் 'அசெஸ் பண்ணுவது என்றால் குழந்தையின் பக்கத்தில் உட்காருவது' என்று உருக்கமாகச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அசெஸர் உட்கார்ந்தது நீதிபதி பக்கத்தில், வரி கட்டுகிறவன் பக்கத்தில் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பரீட்சை வடமொழி, 'பரி' என்றால் சுற்றிலும், 'ஈக்ஷா' என்றால் பார்ப்பது. பொருள் பொருந்துகிறது, ஆனால் அந்தச் சொல்லோடு பயமும் சேர்ந்து வந்துவிடும். தேர்வு என்பது 'தேர்' என்ற வினையிலிருந்து வருவது. ஆராய்வதும் அதுதான், பொறுக்கி எடுப்பதும் அதுதான். பொறுக்கினால் சிலர் கழிக்கப்பட வேண்டும். நாலு வயதுப் பிள்ளையைக் கழிக்க என்ன இருக்கிறது? அடித்தள நிலைக்காக 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 6 வயது வரை தேர்வு, பரீட்சை எதுவும் வைப்பது பொருந்தாது என்றே சொல்கிறது. ஆகவே இந்த இரண்டு சொல்லும் இங்கே வேண்டாம்.

மீதி இருப்பது மதிப்பீடு. 'மதிப்பிடு' என்ற வினையில் உள்ள 'இடு' நீண்டு 'ஈடு' ஆனது; வெளியிடு வெளியீடு ஆனது போல, முறையிடு முறையீடு ஆனது போல. 'மதி' என்ற வினைக்கு அளவிடுவது, உயர்வாக எண்ணுவது என்று இரண்டு பொருளும் உண்டு. பேச்சில் நாம் அதிகம் கேட்பது இன்னொரு உருவத்தை: குத்துமதிப்பு. "குத்துமதிப்பா எவ்வளவு தேறும்?" என்று வரப்பில் நின்று கேட்பார்கள். சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் கதிரை உருவிப் பார்த்து, மாவுக்கு இத்தனை மூட்டை என்று ஒருவர் சொல்வார். (மா என்பது டெல்டாவின் நில அளவு.) அறுத்துத் தூற்றி அளந்த பிறகு வருவது கண்டுமுதல். கண்டுமுதல் கணக்குச் சொல்லும், ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பயிருக்கு ஒன்றும் செய்ய முடியாது. வரப்பில் நின்று பார்த்தவர் அன்றைக்கே தண்ணீர் கட்டலாம்.

கல்வித்துறைச் சொற்களில் இந்த இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் பிரித்துச் சொன்ன இரண்டு வகைகளுக்குத் தமிழில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 மதிப்பெண் ஒதுக்கினார்கள். வளரறி நல்ல சொல்லாக்கம், வளரும்போதே அறிவது; தொகுத்தறி என்றால் முடிவில் மொத்தமாக அறிவது. அதற்கும் 40 மதிப்பெண் என்று வந்ததும் அது குட்டிப் பரீட்சையாகிவிட்டது என்பது வேறு கதை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். அழகான பெயர்கள்தான். "உங்க புள்ள மொட்டா, மலரா?" என்று வாசலில் கேட்க ஆரம்பித்தால் அதுவும் ரேங்க்தான்.

மழலையர் வகுப்பில் கணக்கை எப்படி மதிப்பிடுவது என்று பார்க்காமல் சொல்லை மட்டும் பேசிப் பயனில்லை. பெரும்பாலானவர்கள் கேட்பது "அம்பது வரைக்கும் சொல்லு" என்பதுதான். அது ஒப்பித்தல், எண்ணுதல் இல்லை. உளவியலாளர்கள் ரோஷெல் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் எண்ணுவதற்குள் இருக்கும் ஐந்து விதிகளை எழுதினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண், எப்போதும் மாறாத வரிசை, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எங்கிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. இதில் எது பிள்ளைக்கு வந்திருக்கிறது, எது வரவில்லை என்பது தாளில் தெரியாது. கொட்டை எண்ணும் விரலில் தெரியும்.

திருவாரூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் ஒரு பையன் புளியங்கொட்டையை எண்ணுவதைப் பார்த்தேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." என்று ஏழு வரை போனான். படிவத்தில் 'ஒன்று முதல் பத்து வரை சரியாகச் சொல்கிறதா' என்ற கட்டத்துக்கு இது தவறு. களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார். பையன் தாத்தாவோடு களத்தில் நின்றவன். டீச்சருக்கு இது தெரியும். கொட்டைகளை உள்ளங்கையால் மூடி, "இதுக்குள்ள எத்தனைடா தம்பி?" என்றார். "ஏழு." மறுபடி எண்ணவில்லை. "எனக்கு அஞ்சு குடு" என்றதும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிட்டான். ஆக, எண்ணி முடித்து மொத்தம் சொல்லத் தெரிகிறது. கேட்ட அளவை எடுத்துக் கொடுக்க இன்னும் வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல, இரண்டாவது கடினம். கேட்டுப் பார்த்ததும் குறித்துக்கொண்டதும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் பார்த்ததிலேயே சரியான மதிப்பீடு அதுதான்.

தவறான விடையைக் கவனிக்கத் தெரிய வேண்டும். "இருவத்தெட்டு, இருவத்தொம்போது, இருவத்திப்பத்து" என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் அது யாரிடமும் கேட்டு ஒப்பித்தது இல்லை. இருபதோடு ஒவ்வொன்றாகச் சேர்கிறது என்ற விதியைத் தானாகவே பிடித்து, அதை ஒரு படி அதிகமாக நீட்டிவிட்டது. முப்பது என்ற சொல்லை அங்கே வைத்தால் போதும். பிழையில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்த விதி தெரியுமா என்று நமக்குத் தெரியாது.

இரண்டு வரிசையாக ஆறாறு சோழி வைத்து, ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளிப் பரப்பினால், நீளமாக இருக்கிற வரிசையில்தான் அதிகம் என்று ஐந்து வயதுப் பிள்ளை பலமுறை சொல்லும். குழந்தை உளவியலாளர் பியாஜே காட்டிய இந்தச் சோதனையில் பிள்ளை தோற்பதில்லை, அந்த வயதுக்கு அப்படித்தான் தெரியும். பல்லாங்குழியும் நல்ல கருவி. குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுகிற பிள்ளை எண்ணுவதில்லை; பார்த்ததுமே நாலு என்று தெரிந்துவிடுகிறது. டீச்சர் ஓரமாக இருந்து பார்த்தாலே போதும், கேள்வியே வேண்டாம்.

ஆக, எழுதும்போது மதிப்பீடு என்றே எழுதலாம். ஆண்டு முழுக்க நடப்பதற்கு வளரறி மதிப்பீடு. மதிப்பெண் போடுகிற தாளுக்கு மதிப்பீடு என்று பெயர் வைக்க வேண்டாம், அது தேர்வுதான், அப்படியே சொல்லிவிடலாம். பெற்றோர் கூட்டத்தில் '10க்கு 7' என்று நீட்டுவதற்குப் பதில் டீச்சரின் நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் பாட்டிக்கும் புரியும்: 'ஏழு பொருள் வரை எண்ணி மொத்தம் சொல்கிறான். ஐந்து எடுத்துத் தா என்றால் எண்ணாமல் அள்ளுகிறான். வீட்டில் சாப்பிடும் ஆட்களை எண்ணி, அத்தனை தட்டு எடுத்து வரச் சொல்லுங்கள்.'