எடை குறையக் கொடுக்கும் பணம் எங்கே வேலை செய்கிறது?

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, 1961ஆம் ஆண்டு அந்நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடற்பருமன் சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். அப்போது அவருடைய எடை ஏறத்தாழ 97 கிலோ. மையத்தில் கொடுக்கப்பட்ட உணவுமுறையில் ரகசியம் ஏதும் இல்லை. அத்துறையில் பணியாற்றிய மருத்துவர் நார்மன் ஜோலிஃப் பொதுமக்களுக்காக வகுத்த உணவுமுறை அது. அதைப் பின்பற்றியதில் எடை குறைந்தது. ஆனால், வீட்டில் ஒளித்து வைத்துத் தின்ற பிஸ்கட்டுகளைப் பற்றி அந்த மையத்தில் வாய் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே, தம்மைப் போலவே பருமனால் வருந்திய ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் அதைச் சொன்னார். வாரந்தோறும் கூடிய அந்தச் சிறு கூட்டம் பெருகி, 1963இல் 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற நிறுவனமாயிற்று. 1978இல் ஹைன்ஸ் உணவு நிறுவனம் அதைச் சுமார் 7 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எதைச் சாப்பிட வேண்டும் என்ற அறிவு, அந்த நிறுவனம் பிறப்பதற்கு முன்பே ஊரறிந்ததாக இருந்தது. மக்கள் காசு கொடுத்தது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்துக்குப் போய், தெரிந்தவர்கள் முன்னிலையில் எடை பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு. கட்டணத் திட்டங்கள் நல்லவையா, தாமே முயல்வது நல்லதா என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் அறிவியல் விடை ஏறக்குறைய முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் சோதனைகளைப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 423 பேரைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் வெயிட் வாட்சர்ஸ் கூட்டங்களுக்குச் சென்றனர். மற்றவர்களுக்கு உணவியல் நிபுணருடன் 20 நிமிடச் சந்திப்புகள் இரண்டும், தாமே படித்துப் பின்பற்றுவதற்கான நூல்களும் கிடைத்தன. ஓராண்டு முடிவில் முதற் பிரிவினர் சராசரியாக 4.3 கிலோவும், தாமே முயன்றவர்கள் 1.3 கிலோவும் குறைந்திருந்தனர். இரண்டாண்டு முடிவில் அது முறையே 2.9 கிலோ, 0.2 கிலோ என்று சுருங்கியது. கட்டணத் திட்டம் வென்றது உண்மை. ஆனால் இரண்டாண்டுக் கூட்டங்களுக்குப் பின் நின்றது மூன்று கிலோவுக்கும் குறைவு என்பதும் உண்மையே. விளம்பரப் படங்களில் பழைய கால்சட்டையின் இடுப்பை இழுத்துக் காட்டிச் சிரிப்பவர்கள் இந்தச் சராசரியைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

இங்கிலாந்தில் 1,267 பேரை வைத்து நடத்தப்பட்டு 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான சோதனை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஒரு பிரிவினருக்குச் சுருக்கமான அறிவுரையும் தாமே பின்பற்றுவதற்கான சிறு கையேடும் தரப்பட்டன. இரண்டாம் பிரிவினர் 12 வாரங்களும், மூன்றாம் பிரிவினர் 52 வாரங்களும் அதே நிறுவனத்தின் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் எடைக் குறைவு முறையே 3.26, 4.75, 6.76 கிலோ. பன்னிரண்டு வாரத் திட்டத்துக்கும் ஓராண்டுத் திட்டத்துக்கும் உணவு அறிவுரையில் வேறுபாடு இல்லை. தொடர்ந்து வந்த காலம்தான் வேறு. அந்தக் காலத்தின் பயன் இரண்டு கிலோ. இதைவிட, வெறும் கையேட்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் மூன்று கிலோவுக்கு மேல் குறைந்தார்கள் என்பதையும் நாம் கடந்துபோய்விடக் கூடாது.

பர்மிங்காமில் 740 பேரிடம் நடந்து 2011இல் வெளியான மற்றொரு சோதனை, நிபுணத்துவம் பற்றிய நம் எண்ணத்தைச் சற்றுக் கலைக்கிறது. அங்கே வணிக நிறுவனங்களின் குழுக்களோடு, பொது மருத்துவர்களின் சிகிச்சையகங்களிலும் மருந்தகங்களிலும் சிறப்புப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் தனித்தனியே ஆலோசனை சொன்ன திட்டங்களும் ஒப்பிடப்பட்டன. ஒப்பீட்டுக் குழுவினருக்கு உள்ளூர் உடற்பயிற்சி மையத்துக்கான 12 இலவச அனுமதிச் சீட்டுகள் மட்டுமே. செலவு மிகுந்ததும் பலன் குறைந்ததும் பயிற்சி பெற்ற பணியாளர்களின் ஆலோசனைதான். ஓராண்டு முடிவில் அந்த இலவசச் சீட்டுக் குழுவை ஐயத்துக்கு இடமின்றி விஞ்சியது ஒரே ஒரு வணிகத் திட்டம் மட்டுமே.

இந்தச் சோதனைகளை வாசிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். இவற்றுள் முதலாவதற்குப் பணம் தந்தது வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமே. அதனால் முடிவு பொய்யாகிவிடாது, ஆயினும் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. இரண்டாவது, பெரும்பாலும் யாரும் பேசாதது: இச்சோதனைகளில் பங்கேற்றவர்கள் தம் பையிலிருந்து கட்டணம் செலுத்தவில்லை, அவர்களுக்குக் கூட்டங்கள் இலவசமாகவே கிடைத்தன. ஆகவே இங்கே சோதிக்கப்பட்டது கூட்டத்தின் பலன். 'காசு கொடுத்துவிட்டோமே' என்ற உறுத்தலின் பலன் அன்று.

அந்த உறுத்தலைத் தனியே சோதித்தவர்களும் உண்டு. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 57 பேரில் ஒரு பிரிவினர் நாள்தோறும் சிறு தொகையை முன்பணமாகக் கட்டினர். இலக்கை எட்டினால் கூடுதல் தொகையோடு திரும்பக் கிடைக்கும், தவறினால் போய்விடும். மற்றொரு பிரிவினருக்குப் பரிசுச்சீட்டு முறை. 16 வாரங்களில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஆறு கிலோ குறைந்தார்கள். பணம் சம்பந்தப்படாதவர்கள் இரண்டு கிலோவுக்கும் குறைவு. இழப்பின் அச்சம் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் பணத் தூண்டுதல் நின்ற சில மாதங்களில் எடை திரும்பத் தொடங்கி, ஏழாம் மாதத்தில் பிரிவுகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை.

ஏன் இப்படி? ஏன் எந்த முயற்சியும் நின்றவுடன் கரைகிறது? இதற்கான விடை மன உறுதியில் இல்லை, உடலில் இருக்கிறது. 1958இல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு எடை 3,500 கிலோகலோரிக்குச் சமம் என்று கணக்கிட்டார். கிலோவுக்கு ஏறத்தாழ 7,700. நாள்தோறும் 500 கிலோகலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைந்துகொண்டே போகலாம் என்று பல செயலிகள் இன்றும் காட்டும் நேர்கோடு அந்தக் கணக்கிலிருந்து வந்தது. கொழுப்பில் அடங்கிய ஆற்றலைப் பொறுத்தவரை அந்த எண்ணில் பிழை இல்லை. எடை குறையும்போது உடலும் மாறுகிறது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை என்பதே குறை.

அந்த மாற்றத்தை அளப்பது எளிதன்று. ஏனெனில் டயட் இருப்பவர் தாம் குறைத்து உண்பதை அறிந்தே உண்கிறார், அவருடைய பசியையும் முயற்சியையும் பிரிக்க முடியாது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் இதற்கு அழகான வழி ஒன்றைக் கண்டனர். கனாக்லிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 கிராம் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அதாவது உடலிலிருந்து சுமார் 360 கிலோகலோரி சத்தமில்லாமல் கசிந்துவிடுகிறது, நோயாளிக்கு அது தெரிவதில்லை. ஓராண்டு அம்மருந்தை உட்கொண்டவர்களின் எடை மாற்றத்திலிருந்து, அவர்கள் தம்மையறியாமல் எவ்வளவு கூடுதலாக உண்டார்கள் என்பதை அக்குழு கணக்கிட்டு 2016இல் வெளியிட்டது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோகலோரி குறைகிறது; பசியோ ஏறத்தாழ 100 கிலோகலோரி கூடுகிறது. வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிட்டது என்று நாம் குறைபட்டுக்கொள்வதைவிட, பசியின் இழுப்பு மூன்று நான்கு மடங்கு வலியது.

இதை நம் சமையலறைக் கணக்கில் சொன்னால், ஐந்து கிலோ குறைந்த ஒருவரை அவருடைய உடல் நாள்தோறும் முன்பைவிட 500 கிலோகலோரி கூடுதலாக உண்ணச் சொல்லி நச்சரிக்கிறது. அது சமைக்காத அரிசி ஏறத்தாழ 140 கிராம், அல்லது எண்ணெய் 55 கிராம். இழுக்க இழுக்க நாண் வலுவாகப் பின்னிழுக்கும் வில்லைப் போன்றது இந்த அமைப்பு. முதல் மாதத்தில் எளிதாக இருந்த அதே உணவுக் கட்டுப்பாடு ஆறாம் மாதத்தில் ஏன் கடினமாகிறது என்பதற்கு இதுவே காரணம். ஊக்கம் குறைந்துவிட்டது என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார். உண்மையில் அவர் எதிர்க்க வேண்டிய விசைதான் கூடியிருக்கிறது. மெல்போர்னில் 50 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, பத்து வாரக் கடும் டயட்டுக்குப் பிறகு ஓராண்டு கழிந்தும் லெப்டின், கிரெலின் முதலிய பசி சார்ந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது.

ஆகவே பெரும்பாலானோரின் எடை ஆறு முதல் எட்டு மாதங்களில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அப்போது அவர்கள் முதல் வாரத்தில் உண்ட அளவையே இன்னும் உண்பதாக மனமார நம்புகிறார்கள். ஆனால் தட்டில் அளவு சிறுகச் சிறுக ஏறியிருக்கும். 1992இல் வெளியான ஓர் ஆய்வு, எவ்வளவு குறைத்தாலும் எடை குறையவில்லை என்று முறையிட்டவர்களின் உண்மையான ஆற்றல் செலவை ஐசோடோப்பு கலந்த நீரைக் கொடுத்து அளந்தது. அவர்களுடைய வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. தாங்கள் உண்டதை அவர்கள் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கறிக்குழம்பில் மிதக்கும் எண்ணெயையும் காபியில் கரைந்த சர்க்கரையையும் எந்த மனித நினைவும் எடைபோட்டு வைத்துக்கொள்வதில்லை.

கட்டணத் திட்டத்தின் வேலை இந்த இடத்தில்தான் விளங்குகிறது. மெல்ல நழுவும் ஓர் அமைப்பை, வெளியிலிருந்து குறித்த இடைவெளியில் அளந்து திருத்துவது அது. வாராந்தர எடை பார்த்தல், நழுவலை அரைக் கிலோவிலேயே காட்டிக் கொடுக்கிறது; எழுதி வைக்கும் குறிப்பு, நினைவின் ஓட்டையை அடைக்கிறது; அடுத்த வாரம் அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், எடை ஏறிய வாரத்திலும் ஒருவரை வரவழைக்கிறது. எந்த உணவுமுறை என்பது இதில் வியக்கத்தக்க அளவுக்குச் சிறிய பங்கே வகிக்கிறது. 2005இல் பாஸ்டனில் 160 பேரிடம் அட்கின்ஸ், ஸோன், வெயிட் வாட்சர்ஸ், ஆர்னிஷ் ஆகிய நான்கு முறைகள் ஒப்பிடப்பட்டபோது ஓராண்டில் எல்லாமே இரண்டு முதல் மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கின. எந்த முறையைப் பின்பற்றினார் என்பதைவிட எவ்வளவு விடாமல் பின்பற்றினார் என்பதே எடைக் குறைவோடு ஒத்துச் சென்றது. 2018இல் 609 பேரிடம் கொழுப்புக் குறைந்த உணவும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் ஒப்பிடப்பட்டபோதும் வேறுபாடு ஒரு கிலோவை எட்டவில்லை.

அப்படியானால் இந்த ஏற்பாட்டைக் காசின்றி அமைத்துக்கொள்ள முடியுமா? முடியும். அமெரிக்காவில் 1994 முதல் இயங்கும் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து அதை ஓராண்டாவது காத்தவர்கள் பதிவு செய்துகொள்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் எந்தத் திட்டத்திலும் சேராமல் தாமே குறைத்தவர்கள். வெற்றி பெற்றவர்கள் மட்டுமே இடம்பெறும் பதிவேடு என்பதால், தாமே முயல்பவரில் பாதிப்பேர் வெல்வார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இரு வழியாகவும் வந்தவர்களின் பழக்கங்கள் ஒன்றுபோல் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நால்வரில் மூவர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். 2008இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், 1,685 பேரில் வாரத்துக்கு ஆறு நாள் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், ஒரு நாளோ அதற்கும் குறைவாகவோ எழுதியவர்களைப் போல இரு மடங்கு எடை குறைந்தார்கள். ஊக்கம் மிகுந்தவர்களே எழுதவும் செய்வார்கள் என்பதை ஒப்புக்கொண்டாலும், ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைக்கு இது மோசமான பேரம் அன்று.

தாமே முயலும் ஒருவர் விட்டுவிடுவது உணவு அறிவை அல்ல, சந்திப்பை. ஆகவே அதைத்தான் முதலில் உருவாக்க வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடிக்கும் முன் எடை பார்த்து, அதே முயற்சியில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அந்த எண்ணைச் சொல்வது, குழம்பு, பொரியல், தாளிப்பு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து வீட்டில் மாதம் வாங்கும் எண்ணெயை ஆட்கணக்கில் வகுத்துப் பார்ப்பது, அரிசியைச் சமைக்கும் முன்பே அளப்பது. இந்த ஏற்பாடு ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் நிற்கிறதா என்பதே கேள்வி. நிற்காது என்று தம்மை அறிந்த ஒருவர் பணம் கட்டிக் குழுவில் சேர்வதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் மூன்று மாதச் சந்தாவை மட்டும் பார்க்காமல், ஓராண்டில் என்ன நடக்கும் என்று கேட்டுச் சேர வேண்டும்.

முதல் வாரத்திலேயே மூன்று கிலோ என்று விற்பவர்களிடம் மட்டும் பணம் கொடுக்க வேண்டாம். உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சில நூறு கிராம் இருக்கும். அது தன்னைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியவுடன் அது கரைந்து, நீரும் உடன் வெளியேறுகிறது. எடை இயந்திரத்தில் எண் சட்டென்று குறையும். மறுபடி சாப்பிட்டதும் அதே வேகத்தில் ஏறும். கொழுப்புக்கும் அதற்கும் அதிகத் தொடர்பு இல்லை.

பசியின் இழுப்பையே மருந்தால் தளர்த்த முடியும் என்பது அண்மைக் காலத்தில் இந்தத் தொழிலின் அடித்தளத்தை அசைத்துவிட்டது. 2021இல் வெளியான சோதனையில் செமாக்ளூடைட் ஊசி போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தனர். மருந்தில்லாத வெற்றூசி போட்டவர்கள் 2.4 விழுக்காடு. கட்டண எடைக் குறைப்புத் திட்டம் நடத்திய ஜென்னி கிரெய்க் நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. நைடெட்ச் தொடங்கிய நிறுவனம் 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரியது. எனினும் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பி வந்தது.

காசு செலவழித்தே ஆக வேண்டிய இடமும் ஒன்று உண்டு. இன்சுலின் போடுபவர்களும், கிளைமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை உட்கொள்பவர்களும் உணவைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எடை குறையக் குறைய இரத்த அழுத்த மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். நீரிழிவு பரவலாக உள்ள நம் வீடுகளில், டயட் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்துகளின் அளவைப் பேசிவிட்டு, வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது எந்தச் சந்தாவுக்கும் முந்திய செலவு.