பிளேயரை மாற்றும் முன் ரிமோட்டை எடுங்கள்

ஹோம் தியேட்டர் பொருத்துவதும் சரிசெய்வதும் என் தொழில். போன மாதம் ஒரு வீட்டில் இரண்டு ப்ளூரே பிளேயர்களை அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். புதியது பழையதைப்போல ஆறு மடங்கு விலை. “சார், புதுசுல கறுப்பு எவ்வளவு அழுத்தமா இருக்கு பாருங்க” என்றார் வீட்டுக்காரர். ஒரே டிஸ்க், ஒரே காட்சி. அவர் சொன்னது நிஜம்தான். பழையதில் இரவுக் காட்சி சாம்பல் பூத்துக் கிடந்தது.

டிவி மெனுவைத் திறந்தேன். வெளிச்சத்தை எண்ணால் குறிக்கும் கணக்கில் பழைய பிளேயர் கறுப்பை 16 என்ற அளவிலிருந்து அனுப்ப, அந்த ஹெச்டிஎம்ஐ இன்புட்டில் டிவி 0-வைக் கறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. இன்புட்டை, 16-ஐக் கறுப்பாக எடுத்துக்கொள்ளும் ‘லிமிடெட்’டுக்கு மாற்றினேன். பிக்சர் மோடும் ஒன்றில் விவிட், மற்றொன்றில் சினிமா. இரண்டையும் சினிமாவில் வைத்தேன். அப்புறம் அவரை வெளியே நிற்கச் சொல்லி, பிளேயரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். எது எதுவென்று அவரால் சொல்ல முடியவில்லை.

இதில் அதிசயம் இல்லை. சாதாரண ப்ளூரேயில் படம் ஏற்கெனவே 1920×1080 அளவில் இருக்கிறது. பெரும்பாலான சினிமா டிஸ்க்குகளில் நொடிக்கு 24 ஃப்ரேம். டிஸ்க்கில் சுருக்கி வைத்திருப்பதைப் பிரித்து அனுப்புவது மட்டுமே பிளேயரின் வேலை. டிஸ்க்கில் நிறத் தகவல் மட்டும் குறைந்த அளவில் இருக்கும்; அதைப் பெரிதாக்குவதில் சின்ன வித்தியாசம் வரும். சிவப்பு எழுத்தின் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தால் தெரியலாம். 24 ஃப்ரேம் அவுட்புட்டை மட்டும் ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் கேமரா மெல்லத் திரும்பும்போது படம் தட்டுத்தட்டாக நகரும்.

சத்தத்தில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ‘செகண்டரி ஆடியோ’. மெனு கிளிக் சத்தத்தையும் டைரக்டர் பேச்சையும் கலப்பதற்கான வசதி இது. அது ஆன் ஆகியிருந்தால் பல பிளேயர்கள் டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ என்ற தரம் குறையாத ஒலியைச் சுருக்கி, சாதாரண டிடிஎஸ்ஸாக அனுப்பிவிடும். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் டிஸ்ப்ளேயில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். பழைய ஆப்டிகல் கேபிளில் போட்டிருந்தாலும் அதே கதி. லாஸ்லெஸ் சரவுண்ட், அதாவது தரம் குறையாத பல ஸ்பீக்கர் ஒலி, அதில் போகவே போகாது. ஹெச்டிஎம்ஐயில் முழுதாகப் போகும்போது பிளேயருக்குப் பிளேயர் சத்தம் மாறாது. ஒன்று இனிமையாகக் கேட்டால், வால்யூம் ஒரு டெசிபல் கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனலாக் வயரில் கேட்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. அங்கே பிளேயருக்குள் இருக்கும், டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டாக் (DAC) சிப்தான் சத்தத்தை உருவாக்குகிறது.

நிஜமான வித்தியாசமும் உண்டு. 4கே டிஸ்க்கின் ஹெச்டிஆர் (வழக்கத்தைவிட அதிக வெளிச்ச வீச்சு) வெளிச்சத்தைப் புரொஜெக்டரால் முழுதாகக் காட்ட முடியாது. அதைப் பக்குவமாகக் குறைத்து அனுப்பும் பிளேயருக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். அப்படிப்பட்ட பிளேயர்களைச் செய்த ஆப்போ நிறுவனம் 2018-இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இன்றும் செகண்ட் ஹேண்டில் அவற்றைத் தேடுகிறார்கள்.

“அப்ப இதைத் திருப்பிக் கொடுத்துடட்டுமா?” என்று கேட்டார். அவர் அலமாரியைப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பழைய தமிழ்ப்பட டிவிடிகள். ஒன்றை எடுத்து இரண்டிலும் ஓடவிட்டேன். அதில் 576 கோடுகள்தான், அதுவும் இன்டர்லேஸ்: ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதிப் பாதிக் கோடுகளாக வரும். டிவியின் அளவுக்கு அதை நிரப்பும் வேலை பெரும்பாலும் பிளேயரின் தலையில். பழையதில் கதாநாயகியின் கரை போட்ட புடவை ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்தது. புதியதில் ஒரே கோடாக நின்றது.

“வச்சுக்குங்க” என்றேன்.