சிமெண்ட் வேறு, கான்கிரீட் வேறு

‘தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்டாச்சு’, ‘வேலிக்குச் சிமெண்ட் தூண் நட்டிருக்கு’ என்று பேசுகிறோம். இரண்டிலும் சொல்ல வந்தது கான்கிரீட். சிமெண்ட் என்பது மூட்டையில் வரும் சாம்பல் நிறத் தூள். அதில் தண்ணீர் ஊற்றினால் பசை. பசையில் மணலைக் கலந்தால் சாந்து. கொத்தனார் அதைக் ‘கலவை’ என்பார், செங்கல் கட்டவும் சுவர் பூசவும் அதுதான். ஜல்லியும் சேர்ந்த பிறகுதான் அதற்குக் கான்கிரீட் என்று பெயர்.

இந்த இரண்டு சொற்களும் இலத்தீனில் பிறந்தவை. ‘வெட்டு’ என்று பொருள்படும் வினையிலிருந்து ‘கைமென்டம்’ வந்தது. அதற்கு வெட்டி உடைத்த கற்சில்லு என்று பொருள். அதாவது ரோமானியர் வாயில் அந்தச் சொல் நாம் ஜல்லி என்கிறோமே, கிட்டத்தட்ட அதைத்தான் குறித்தது. சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த சாந்தில் இந்தச் சில்லுகளைப் புதைத்து அவர்கள் கட்டினார்கள். ரோமில் உள்ள பாந்தியன் கோயிலின் குவிமாடம் அப்படி எழுந்ததுதான்: உள் விட்டம் 43 மீட்டருக்கு மேல், உள்ளே ஒரு கம்பி கிடையாது. காலப்போக்கில் சொல் கல்லை விட்டுக் கல்லைப் பிணைக்கும் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. கான்கிரீட்டின் மூலச் சொல்லுக்கு ‘ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்தது’ என்று பொருள். தனித்தனிப் பொருள்கள் ஒரே கல்லாகிவிடும் பண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

மூட்டையில் ‘போர்ட்லாந்து சிமெண்ட்’ என்று அச்சிட்டிருப்பதைக் கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் தன் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இறுகியதும் அது போர்ட்லாந்து என்ற இடத்தில் வெட்டியெடுக்கும் கட்டடக் கல்லைப் போல இருந்ததால் அந்தப் பெயரை வைத்தார். இன்று அது சிமெண்ட் வகையின் பெயர்.

தமிழில் என்ன சொல்வது? சிமெண்டுக்குப் ‘பைஞ்சுதை’ என்ற சொல் ஏட்டில் இருக்கிறது. கோபுரங்களில் நாம் பார்க்கும் சுதைச் சிற்பத்தின் அதே சுதைதான். அதுவும் ‘சுதா’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ‘சீமைக்காரை’ என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் சிமிட்டி, சிமெண்டு. இலங்கைத் தமிழில் சீமெந்து. சிமெண்டைச் சிமெண்ட் என்றே எழுதுவதில் தவறில்லை, அது ஊருக்குள் வந்து வேரூன்றிவிட்ட சொல். ஆனால் கான்கிரீட்டுக்குக் ‘கற்காரை’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து. காரை வீடு, காரை பெயர்ந்தது என்று இன்றும் சொல்கிறோம். கல் சேர்ந்த காரை கற்காரை. ஜல்லி இருந்தால்தான் கான்கிரீட் என்ற இலக்கணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கம்பி கட்டிப் போடுவது வலுவூட்டிய கற்காரை.

வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. ஒப்பந்தத்தில் ‘சிமெண்ட் தளம்’ என்று மட்டும் எழுதினால், மண்ணின் மேல் ஓர் அங்குலக் கலவையைப் பூசிவிட்டுப் போனாலும் எழுதியபடி செய்ததாகவே ஆகும். சில மாதங்களில் மண் இறங்கும், தளம் வெடிக்கும். ‘40 எம்எம் ஜல்லியில் 1:4:8 கான்கிரீட், 4 அங்குலக் கனம், அதன்மேல் பூச்சு’ என்று எழுத வேண்டும். முதல் எண் சிமெண்ட், அடுத்தது மணல், மூன்றாவது ஜல்லி. 1:6 என்று இரண்டே எண் இருந்தால் அது கலவை.

மேற்கூரைச் சிலாப்புக்குக் குறைந்தபட்சம் எம்20 தரம் வேண்டும். 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்பது அந்த எண்ணின் பொருள். வழக்கமான விகிதம் 1:1½:3. ஒரு மூட்டை 50 கிலோ, கன அளவில் சுமார் 35 லிட்டர். அதே அளவுள்ள பெட்டியால் மணல் ஒன்றரைப் பெட்டி, 20 எம்எம் ஜல்லி மூன்று பெட்டி. மொத்தம் ஐந்தரைப் பங்கில் சிமெண்ட் ஒரே ஒரு பங்கு! தண்ணீர் 25 லிட்டரை ஒட்டி இருக்கட்டும். மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் கழித்துக்கொள்ளுங்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான். கான்கிரீட் வழுக்கிக்கொண்டு ஓடினால் வேலை சுளுவு என்று இன்னும் ஒரு குடம் ஊற்றிவிடுவார்கள். சிமெண்ட் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீரைத்தான் வேதிவினையில் பிடித்துக்கொள்ளும். மிச்சம் ஆவியாகி, இருந்த இடத்தை நுண்துளையாக விட்டுப் போகும். துளை கூடினால் வலு குறையும், பின்னால் அந்த வழியாகவே நீர் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீர் குறைந்து சரியாகக் குத்தாமல் விட்டாலும் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் ஜல்லி தேன்கூடு போலப் பல்லைக் காட்டும். அதனால் தண்ணீரை அளந்து ஊற்றி, கான்கிரீட்டை அதிர வைத்து இடைவெளி இல்லாமல் இறக்கும் வைப்ரேட்டர் போட வேண்டும்.

இன்னொரு ஜோடிச் சொற்களையும் இங்கேயே பிரித்துவிடலாம்: காய்தல், இறுகுதல். ‘கான்கிரீட் காயட்டும்’ என்பது தவறான வழக்கு. துணி காய்வது ஈரம் போவதால். கான்கிரீட் இறுகுவது ஈரம் உள்ளே இருந்து சிமெண்டோடு வினை புரிவதால். தண்ணீருக்கு அடியிலும் அது இறுகும். காயவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். அதற்காகத்தான் சிலாப்பின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைப்பதும். சாதாரணப் போர்ட்லாந்து சிமெண்டுக்கு 7 நாளாவது நனைக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட் என்றாலோ, வறண்ட வெயில் காலம் என்றாலோ 10 நாள். இதற்கு ‘நீராற்றுதல்’ என்று பெயர். கொத்தனாரிடம் ‘எத்தனை நாள் காயணும்’ என்று கேட்காமல் ‘எத்தனை நாள் தண்ணி நிறுத்தணும்’ என்று கேளுங்கள்.