ஊதிப்போன பேட்டரியில் ஊசி குத்தாதீர்கள்

போன வாரம் இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து அவசரமாக அழைப்பு. போனால், அந்த வீட்டு அக்கா வலது கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லோட் ஷெடிங் காலத்தில் வாங்கிய சின்ன எமர்ஜென்சி விளக்கு. அதன் பேட்டரி தலையணை மாதிரி ஊதியிருக்கிறது. மகன் அதைக் கழற்றி எடுத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று தையல் ஊசியால் குத்தியிருக்கிறான். முதலில் புகை, அடுத்த நொடியே நெருப்பு. மேஜையிலிருந்து அதைத் தட்டிவிடப் போன அக்காவுக்கு உள்ளங்கை வெந்துவிட்டது.

கையை இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் சொல்லி, கிளினிக்குக்கு அனுப்பிவிட்டுத்தான் மகனிடம் கேட்டேன், ஏன் தம்பி குத்தினாய் என்று. "பாலிமர் பேட்டரின்னு போட்டிருக்கு அண்ணா. உள்ளே தண்ணியே கிடையாது, எல்லாம் கெட்டி, தீப்பிடிக்காதுன்னு கடையில சொன்னாங்க."

இந்த ஒரே வருடத்தில் இதே பதிலை நான் கேட்பது மூன்றாவது தடவை. ஃபீனிக்ஸில் ஒருவர் ஊதிப்போன டேப்லெட் பேட்டரியை அகராதிக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தார். டோங்காட்டில் ஒரு மாமா பவர் பேங்கை இரவெல்லாம் தலையணைக்கடியில் சார்ஜ் போடுகிறார். இருவருமே சொன்ன காரணம் 'பாலிமர்'. டர்பனில் பதினெட்டு வருடமாக இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கிறேன். இந்த ஒரு சொல் மக்களுக்குக் கொடுத்திருக்கும் தைரியம் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன், டேப்லெட், பொம்மை டிரோன், பவர் பேங்க் இவற்றில் 'லித்தியம் பாலிமர்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது வெளிப் பையின் வடிவத்தைத்தான் குறிக்கிறது. இரும்பு டப்பாவுக்குப் பதில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய மெல்லிய பை, அவ்வளவுதான். அந்தப் பையைப் பிரித்தால் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, இரண்டுக்கும் நடுவே காகிதம் போல ஒரு பிளாஸ்டிக் படலம். இவை எல்லாமே ஒரு திரவத்தில், சில வகைகளில் கூழ் போன்ற ஜெல்லில், ஊறிக்கிடக்கும். அந்தத் திரவம் பெயின்ட் தின்னர் மாதிரி பற்றி எரியக்கூடியது. பை ஊதுவதும் அது சிதைந்து வாயுவாக மாறுவதால்தான். அந்த வாயுவும் எரியும். ஊசி உள்ளே இறங்கினால் நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொள்ளும். மிச்சத்தை அந்த அக்காவின் மேஜையில் பார்த்தேன்.

அப்படியானால் உண்மையிலேயே கெட்டியான பாலிமர் பேட்டரி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பிளாஸ்டிக்கில் உப்பைக் கரைத்தால் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், அதற்குள் நகரும் என்று 1973-இல் பிரிட்டனில் பீட்டர் ரைட்டும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள். அதை பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்று 1978-இல் பிரான்ஸின் மிஷெல் ஆர்மான் சொன்னார். பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் நெளியும்போதுதான் லித்தியம் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கைமாறும். குளிரில் உறைந்த நெய்யை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த பிளாஸ்டிக்கும் சாதாரண வெப்பநிலையில் பாதி உறைந்தே கிடக்கும். அப்போது அயனிகளைக் கடத்தும் அதன் திறன் திரவத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் உருப்படியாக வேலை செய்யும்.

பாரிஸில் 2011 கடைசியிலிருந்து 2018 வரை ஓடிய ஆட்டோலிப் வாடகைக் கார்களில் இந்த வகை பேட்டரிதான் இருந்தது: ஒரு பக்கம் லித்தியம் உலோகம், நடுவில் அந்தப் பாலிமர் பிளாஸ்டிக். நிற்கும்போதும் சூடு ஆறாமல் வைத்திருக்க வேண்டிய பேட்டரி அது. அதனால் ஒரு விஷயத்தைப் பார்த்தாலே உங்களுக்கே புரிந்துவிடும். கடைக்காரர் காட்டும் பெட்டியில் ஹீட்டர் இல்லை, சாதாரண அறை வெப்பத்தில் வேலை செய்கிறது என்றால், அது இந்த வகை பேட்டரி இல்லை. 'செமி சாலிட்' (பாதி கெட்டி) என்று எழுதியிருந்தால், திரவம் குறைவாக இருக்கிறது என்று பொருள். இல்லவே இல்லை என்று பொருளல்ல.

அந்த உண்மையான வகையும் தீக்கு விதிவிலக்கில்லை. 2022 ஏப்ரலில் பாரிஸில் இதே குடும்பத்து பேட்டரி வைத்த இரண்டு மின்சாரப் பேருந்துகள் எரிந்தன. அந்த ரகத்துப் பேருந்துகள் 149-ஐயும் சேவையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பாலிமரும் எரியும் பொருள்தான். லித்தியம் உலோகமோ 180 டிகிரியில் உருகிவிடும். எளிதில் ஆவியாகி எரியும் திரவம் இல்லை என்பது பெரிய முன்னேற்றம், அதை நான் மறுக்கவில்லை. இந்த ஆராய்ச்சி வெல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். ஆனால் அங்கே நடக்கிற ஆராய்ச்சியைக் காட்டி, இங்கே மேஜை மேல் கிடக்கிற பையை நம்பாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பேட்டரி ஊதினால் சார்ஜைக் கழற்றுங்கள். மறுபடி சார்ஜ் போடவே கூடாது. குத்தாதீர்கள், மடக்காதீர்கள், அழுத்தாதீர்கள். கருவிக்குள் ஒட்டியிருந்தால் கத்தியால் நெம்பாதீர்கள். கருவியோடு அப்படியே வெளியே, சிமென்ட் தரையில் அல்லது மணல் போட்ட வாளியில், வெயில் படாமல் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரி அதை நசுக்கும்.

படுக்கையில் சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். வீட்டை விட்டு வெளியேறும் வழியிலும் மாடிப்படிக்கு அடியிலும் பெரிய பேட்டரியை வைக்காதீர்கள். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பதை ஒரு வீட்டில் பார்த்தபோது, வேலையைத் தொடங்கும் முன் சிலிண்டரை நானே வெளியே தூக்கி வைத்தேன்.

தீப்பிடித்துவிட்டால்? லித்தியத்தில் தண்ணீர் படக்கூடாது என்று பாதி கேட்டுவிட்டு கைகட்டி நிற்கிறார்கள். அது உலோக லித்தியத்துக்குச் சொன்னது. போன் அளவு பேட்டரி என்றால், பிளக்கைப் பாதுகாப்பாகப் பிடுங்க முடிந்தால் பிடுங்கிவிட்டு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம்; அது சூட்டைத் தணிக்கும். சுவரில் மாட்டிய இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் எதையும் முயலாதீர்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, மொபைலிலிருந்து 112-ஐ அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும், நுரையீரலை அரிக்கும். பணப்பெட்டியையோ பத்திரத்தையோ எடுக்கத் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

அந்தத் தம்பி நேற்று என் கடைக்கு வந்தான். வீட்டில் கிடந்த பழைய போன், ஷேவர், பொம்மை கார் எல்லாவற்றையும் ஒரு வாளி மணலில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அவற்றில் இரண்டு ஊதத் தொடங்கியிருந்தன. அம்மாவின் கைக்கட்டை அடுத்த வாரம் பிரிப்பார்களாம். நீங்களும் ஒரு தடவை மேஜை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தாத போனோ டேப்லெட்டோ இருந்தால், பிரித்துப் பார்க்க வேண்டாம். அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள், நான் காசு வாங்க மாட்டேன்.