உலகப் போருக்குப் போன தாத்தா, பென்ஷன் இல்லாத பாட்டி: மாதம் 8,000 ரூபாய்க்கு எங்கே கேட்பது?

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்காக இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது. போர் முடிந்ததும் பெரும்பாலானோரைக் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 15 வருஷ சர்வீஸ் இல்லை, அதனால் பென்ஷன் இல்லை. வரலாறு இவ்வளவு போதும்.

இன்று மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய மனைவிமார்தான். பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரருக்கும் விதவைக்கும் முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் போர்டு மாதாமாதம் வறுமை நிதியுதவி தருகிறது. கணவர் ஹவில்தார் அல்லது அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டும். 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000. ஆன்லைன் விண்ணப்பம் என்பார்கள், ஆனாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகப் படி ஏறாமல் முடியாது. உலகப் போர் வீரர்களுக்குத் தமிழக அரசின் தனி மாதாந்திர உதவியும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்று நீங்களாகக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

ஆளைக் கவிழ்ப்பது டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த சர்வீஸ் சான்று. ஒரு பாட்டிக்குத் துணையாகப் போயிருந்தேன். புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. நல அலுவலகத்தில் சொன்னார்கள்:

"ரெக்கார்டு ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா."

"எந்த ஆபீஸுங்க?"

"அது உங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்."

வீட்டுக்காரர் போய் 31 வருஷம்.

ரெக்கார்டு ஆபீஸ் என்பது படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம். பென்ஷன் இல்லாதவரின் கோப்பை 25 வருஷத்தில் அழித்துவிடுவது ராணுவ வழக்கம். "ரெக்கார்டு இல்லை" என்று பதில் வந்தால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள். சேர்ந்தவர்களின் விவரம் இருக்கும் லாங் ரோல் என்ற பதிவேட்டை அழிப்பதில்லை. அதில் தேடச் சொல்லி, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

தேட ராணுவ எண் வேண்டுமே? அந்தப் பாட்டி சுருக்குப்பையிலிருந்து ஒரு மெடலை எடுத்தார். விளிம்பில் பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு. எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்பதும் படைப்பிரிவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்த கண்ணி பெயர். ராணுவத் தாளில் முத்தம்மா, ஆதாரில் முத்துலட்சுமி. இருவரும் ஒருவரே என்ற சான்றை முதல் நடையிலேயே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று இன்னொரு நடை. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.

மெடல் கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்து போய்விடும்.